மூன்றாவது கூடு

அவள் கைபட்டால் எதுவும் புள்ளியாகிவிடும். பெய்த மழையின் அளவைக் கொடுத்தாலும் புள்ளி, பேருந்தில் ஏறி இறங்கியவர்களின் எண்ணிக்கையைக் கொடுத்தாலும் புள்ளி. அலுவலகத்தில் அவளைப் புள்ளிக்காரி என்றே கூப்பிட்டார்கள். எண்களைப் படமாக்கி வயிறு வளர்ப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும் என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்ததெல்லாம் வல்லூறுகள் வந்து சேரும்வரைதான்.

நகரத்தில் அருகிவரும் பறவைகளைப் பற்றிய கண்காட்சி அது. மூடிக்கிடந்த பழைய அச்சகத்தின் கூடத்தில் ஒரு முழுச் சுவரையும் திரையாக்கியிருந்தார்கள். இருட்டில் போய் நின்றால், மேலேயிருந்து பார்ப்பதுபோல் நகரம் விரியும். ஆறும் பெரிய சாலைகளும் மெல்லிய வெளிச்சக் கோடுகளாக ஓடும். நடுவே புள்ளிகள். சிட்டுக்குருவிக்கு மஞ்சள், கிளிக்குப் பச்சை, ஆந்தைக்கு வெள்ளை, வல்லூறுக்குச் சிவப்பு. ஒரு புள்ளி என்றால் ஒரு கூடு. வருடங்களை ஓடவிட்டால் மஞ்சள் கொத்துக் கொத்தாக அணையும். பார்க்க வந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போவார்கள். சிவப்பு மட்டும் ஆரம்பத்திலிருந்தே நாலே நாலுதான்.

அந்த நாலில்தான் வம்பு. வல்லூறுக் குஞ்சுகளுக்குக் கள்ளச்சந்தையில் இருக்கிற கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. சிறகு முளைக்கும் முன்பே கூட்டோடு வழித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பறவைக் கணக்கெடுப்புக்காரர் தனக்குத் தெரிந்த மூன்று கூடுகளின் இடத்தைக் கொடுக்கவே மறுத்தார். கல்யாண வீட்டுக்குக்கூடக் கழுத்தில் பைனாகுலரோடு வருகிற மனிதர் அவர். பைனாகுலர் என்றே பெயராகிவிட்டது. புள்ளிக்காரி அவரிடம் கெஞ்சாத குறை. கூடு இருக்கும் இடத்தில் புள்ளியை வைக்கவே மாட்டேன், சுற்றி நாலைந்து தெரு தள்ளி எங்கேயாவதுதான் வைப்பேன், அதுவும் இந்த நொடி இருந்த இடத்தில் அடுத்த நொடி இருக்காது என்று அடித்துச் சொன்னாள். மனிதர் அரை மனதோடு கொடுத்தார்.

சொன்னபடியே செய்தாள். அசல் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் புள்ளி நொடிக்கு நொடி குருட்டாம்போக்கில் தாவிக்கொண்டே இருக்கும். மறைப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் சுவரில் பார்த்தபோது புள்ளிகள் பயத்தில் வெடவெடப்பதுபோல் இருந்தது. வந்தவர்களெல்லாம் அதைத்தான் பாராட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் எழுதினார்கள். என்ன யோசனை, என்ன கற்பனை என்று ஆளாளுக்குப் புகழ்ந்தபோது, ஐயா அது கற்பனை இல்லை, பூட்டு என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாராட்டு தேடி வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

அந்த நாலில் மூன்றாவது கூடு அவளுடைய அக்கா வீட்டில் இருந்தது. அக்கா பல் செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், அவள் வீட்டிலிருந்தபடியே கடைசல் பிடித்து, மெருகேற்றிக் கொடுப்பாள். அவள் வீட்டு மேஜையில் எந்நேரமும் யார் யாருடைய சிரிப்போ வரிசையாக இருக்கும். அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். வீட்டில் அக்காவும் ஆறு வயதுக் குட்டியும் மட்டும். எட்டாவது மாடி. குளியலறை ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டி வைக்கவென்று கட்டிய சிமெண்ட் திட்டில் வல்லூறு வந்து முட்டையிட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் குளியலறை விளக்குக்குத் தடை. தாயும் மகளும் அரை இருட்டில் தடவித் தடவிக் குளித்தார்கள். முகத்துக்கு எண்ணெயும் தலைக்குச் சோப்புமாகக் குட்டி வெளியே வந்த நாளும் உண்டு.

இந்தக் கூட்டைப் பற்றி அக்கா லேசில் வாய் திறக்கவில்லை. "உன்கிட்ட சொல்றேன், உன் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லாதே" என்றுதான் ஆரம்பித்தாள். தங்கை விடுவாளா? மூன்று கூட்டுக்கு நான்கு கூடு என்றால் படம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நச்சரித்து, சத்தியம் செய்து, வாங்கிக்கொண்டாள். சுவருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை உண்டு. சிவப்புப் புள்ளியைத் தொட்டால் அந்தக் கூட்டில் குஞ்சுகள் எத்தனை என்று காட்டும். அக்கா வீட்டுக் கூட்டுக்கு அது மூன்று என்று காட்டியது.

கண்காட்சி தொடங்கிச் சில வாரங்கள்கூட ஆகவில்லை, பைனாகுலர் கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக் கூட்டில் குஞ்சுகளைக் காணோம். காக்கை கொத்தியிருக்கலாம், பூனை ஏறியிருக்கலாம் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் பழைய ஆலையின் புகைபோக்கிக் கூடும் காலி. இந்தத் தடவை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. செங்கல்லில் கயிறு உரசிய தடம் இருக்கிறதாம். எந்தப் பூனையும் கயிறு கட்டி ஏறாது.

"இடம் தெரிஞ்சது மொத்தமே நாலு பேருக்கு. நானு, என்கூட வர்ற ரெண்டு பேரு, நீங்க" என்றார். கடைசியில் வந்த அந்த 'நீங்க'தான் அவளைச் சுட்டது. திருடி என்கிறாரா? கோபத்தில் காது மடல் சிவந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று நெளிந்தது. தப்பு செய்யாதவளுக்கு எதற்குப் பயம்?

மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனாள். வாசலில் இருந்த காவலாளி பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் எழுந்து நின்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாளே, கொஞ்சம் குளிர்விப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, அவளுக்கு ஒரு பரம ரசிகர் இருக்கிற கதையை எடுத்தார். தினமும் வருவாராம். வயதானவரும் இல்லை, சின்ன வயதும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று கால் தாங்கியில் போனை மாட்டிச் சுவரைப் பார்த்து வைத்துவிடுவாராம். மணிக்கணக்காகப் படம் ஓடிக்கொண்டே இருக்குமாம். அவர் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். போகும்போது காவலாளிக்குப் பிஸ்கட் வேறு.

சுவரின் எந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார் என்று கேட்டாள். சும்மா கேட்பதுபோல்தான் கேட்டாள். ஆரம்பத்தில் வலது ஓரம், பிறகு நடு, இந்த வாரம் முழுக்க இடது பக்கம் என்று காவலாளி கையை நீட்டிக் காட்டினார். வலது ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. நடுவில் ஆலைப் புகைபோக்கி. இடது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு வந்தாரா?"

"இல்ல மேடம். நேத்தே சொல்லிட்டுப் போயிட்டாரு, வேணுங்கறது கிடைச்சிடுச்சு, இனிமே வரவேண்டியதில்லைன்னு."

அவள் உள்ளே போனாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கும்பலாகச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெஞ்சில், அந்த ஆள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். சிவப்புப் புள்ளி தாவிக்கொண்டிருந்தது. இங்கே, அங்கே, மேலே, பக்கத்தில். எந்த ஒரு நொடியிலும் அது பொய்தான். ஆனால் எல்லா நொடியையும் சேர்த்துப் பார்த்தால்? முளையில் கட்டிய கன்றுக்குட்டி எந்தப் பக்கம் ஓடினாலும், அது மிதித்த புல்லைப் பார்த்தால் முளை எங்கே அடித்திருக்கிறது என்று கண் தெரியாதவன்கூடத் தடவிச் சொல்லிவிடுவானே.

போனை எடுத்துப் பெஞ்சில் நிறுத்தி, பல நிமிட வெளிச்சத்தையும் ஒரே படத்தில் சேர்க்கிற மாதிரி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிள்ளைகள் குறுக்கே வந்ததால் முதல் படம் கலைந்துபோயிற்று. இரண்டாவது படத்தில் புள்ளி இல்லை. அச்சில் வார்த்ததுபோல் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. வட்டம் கிடைத்தால் நடுவைக் கண்டுபிடிக்க என்ன பெரிய படிப்பு வேண்டும்? ஆறும் சாலைகளும்தான் பக்கத்திலேயே கோடு கோடாக ஓடுகின்றனவே. கோடு இல்லாவிட்டால் நகரம் மாதிரித் தெரியாது என்று முதலாளி சொன்னார், இவளும் அழகாகத்தான் இருக்கிறது என்று போட்டாள். ஆற்றின் இரண்டாவது வளைவைத் தாண்டி, மேம்பாலம் இறங்குகிற முனையில், அந்த வட்டத்தின் நடு வந்து நின்றது. அக்கா வீட்டுக் கட்டடம்.

மறைக்கிறேன் பேர்வழி என்று வட்டம் போட்டுக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். புள்ளியைப் பேசாமல் ஒரு தப்பான இடத்தில் அசையாமல் வைத்திருந்தால் ஆயுசுக்கும் ஒருத்தனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆட வைத்தாளே, அந்த ஆட்டம்தான் குடியைக் கெடுத்தது.

போதாக்குறைக்கு வாசல் பக்கத்தில் நன்றிப் பலகை ஒன்று இருந்தது. படிக்கிறவர்களுக்கு மனசு இளகுகிற மாதிரி எதையாவது எழுது என்று முதலாளி கேட்டபோது இவளே எழுதியதுதான். 'தன் வீட்டு ஜன்னலில் எனக்கு முதல் வல்லூறைக் காட்டிய என் அக்காவுக்கு.' அதை இப்போது திரும்பப் படித்தாள். பலகையின் கீழே அவளுடைய பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

காவலாளியிடம் திரையை அணைக்கச் சொன்னாள். முதலாளி சொல்லாமல் கை வைக்க முடியாது என்று அவர் தயங்கினார். முதலாளியைக் கூப்பிட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகட்டும், பிறகு பேசலாம் என்றார். அவள் போனை வைத்துவிட்டுச் சுவரோரம் குனிந்து போய்ச் செருகியிருந்த வயரைப் பிடுங்கினாள். கூடம் கும்மிருட்டாகி, பிள்ளைகள் கூச்சலிட்டதை அவள் கேட்டுக்கொண்டே ஓடினாள்.

அக்கா போனை எடுக்கவில்லை. வாடகைக் காரில் ஏறிய பிறகும் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெருகேற்றுகிற மிஷின் ஓடினால் அக்காவுக்கு இடி விழுந்தாலும் கேட்காது, அதுவாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு ஏதேதோவும் தோன்றியது. கயிறு கட்டி ஏறுகிறவன், எட்டாவது மாடி, வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். பைனாகுலரைக் கூப்பிட்டு நடந்ததை அரைகுறையாகக் கொட்டினாள். அவர் திட்டவில்லை. ஆட்களோடு கிளம்புகிறேன், நாலாவது கூட்டையும் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆனால் அவர் இருந்தது ஊரின் மறுகோடி. மேம்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. அவள் இறங்கி ஓடினாள்.

கதவைத் தட்டினாள். திறந்தது குட்டி.

"சித்தி! உன் ஃப்ரெண்டு வந்திருக்காரு. நம்ம குருவிக்குக் கேமரா வச்சிருக்காரு."

வீட்டில் வல்லூறுக்குக் குருவி என்றுதான் பெயர். கூடத்தில் அக்காவின் மேஜைக்கு எதிர் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வங்கியில் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்லத் தோன்றும் முகம். புறங்கையில் மட்டும் புதுசாக நாலு கீறல், ரத்தம் முழுக்கக் காயவில்லை. காலடியில் மூடி போட்ட சாம்பல் நிறப் பெட்டி. மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

அக்கா தூசிக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பியதற்குச் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். கூட்டுக்குப் பக்கத்தில் கேமரா வைத்துக் கண்காட்சிச் சுவரில் நேரடியாகக் காட்டப்போகிறாளாமே, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? அவர்தான் பாவம், தங்கையின் பெயரைச் சொல்லி, நன்றிப் பலகையில் எழுதியிருப்பதையும் சொல்லி, அக்கா நீங்கதானா என்று கேட்டாராம். அக்காவுக்குப் பூரித்துப்போயிற்று.

புள்ளிக்காரி வாசலிலேயே நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் டம்ளரை மெதுவாக, சத்தம் வராமல் மேஜையில் வைத்தார்.

"நீங்க வருவீங்கன்னு நினைக்கல மேடம்" என்றார். "உங்க வேலையை ரொம்ப நாள் உட்கார்ந்து பார்த்தேன். அப்படியொரு அழகு. சும்மா சொல்லல."

வெளியே தாய்ப்பறவை கத்த ஆரம்பித்தது. இரும்பை இரும்பில் தேய்ப்பதுபோல் விடாமல் ஒரு குரல். குளியலறைக் கதவு சாத்தியிருந்ததால் சற்று அடங்கிக் கேட்டது. கேமராவைப் பார்த்துப் பயப்படுகிறது, பழகிவிடும் என்று அவர் அக்காவுக்கு விளக்கினார்.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கத்தியிருப்பாள். அதற்குள் குட்டி ஓடிப்போய் அவர் முட்டியில் சாய்ந்துகொண்டு, பெட்டியின் கைப்பிடியைத் தானும் பிடித்தது. இவ்வளவு நேரம் அவருக்கு உதவி செய்தது அதுதானாம். பெருமை தாங்கவில்லை.

"பாப்பா கெட்டிக்காரி. பெட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ வண்டி வரைக்கும் வரேன்னு சொல்றா" என்றார் அவர். சொல்லிக்கொண்டே குட்டியின் தலையில் கையை வைத்தார். ரத்தக் கீறல் இருந்த கைதான். மேஜை ஓரத்தில், பல் அச்சுகளுக்கு நடுவே, கயிறு அறுக்கிற சின்னக் கத்தி ஒன்று மடக்காமல் கிடந்தது.

"பெட்டி சூடா இருக்கு சித்தி" என்றது குட்டி. "தொட்டுப் பாரேன்."

அக்காவின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். அக்கா பெட்டியைப் பார்த்தாள், அதன் ஓட்டைகளைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையை அசைத்தாளா இல்லையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் கூடப் பிறந்தவளுக்குப் புரிந்தது. இரண்டு பெண்களும் நின்றார்கள், பறவை மட்டும் எல்லோருக்கும் சேர்த்துக் கத்தியது.

"பாப்பா வேண்டாம்" என்றாள் புள்ளிக்காரி. "பெட்டியை நீங்களே எடுத்துட்டுப் போங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். விலை படிகிற மாதிரி இருந்தது அந்த யோசனை.

"அதுவும் சரிதான். குட்டி, நீ வீட்ல இரு. ஸ்கூல் வேன் எங்க நிக்கும்னு சொன்னே, அந்தப் பெரிய பேக்கரி வாசல்தானே?"

குட்டி ஆமாம் என்று சந்தோஷமாகத் தலையாட்டியது. அவர் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினார். உள்ளே ஏதோ சறுக்கிப் பக்கவாட்டில் மோதியது. வாசலுக்கு வந்து அவள் முன்னால் நின்றார். கை இரண்டும் பெட்டியில் இருந்ததால் கதவைத் திறக்க முடியவில்லை. அவள் திறந்துவிட்டாள். தாழ்ப்பாளை இழுத்து, ஓரமாக ஒதுங்கி, வந்த விருந்தாளியை வழியனுப்புவதுபோல் திறந்துவிட்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டாள். குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளை, இடுப்பில் ஏறுகிற வயதில்லை. அது எதற்கு என்று கேட்டுக் கால் உதைத்தது. அக்கா இறக்கவில்லை. யார் அவன் என்று கேட்டாள். தங்கை சொன்னாள். சுவரையும் வட்டத்தையும் பலகையையும் ஒன்று விடாமல் சொன்னாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழ வெட்கமாக இருந்தது. தெரிந்தே கதவைத் திறந்துவிட்டாயா என்று அக்கா கேட்பாள் என்று காத்திருந்தாள். அக்கா கேட்கவில்லை. குட்டியை இறக்கித் தங்கையின் மடியில் உட்கார வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். விளக்கைப் போடவில்லை.

திரும்பி வர நேரமாயிற்று. வந்தவளின் கண் ஒரு மாதிரி இருந்தது.

"ஒண்ணு இருக்கு" என்றாள் மெதுவாக.

புள்ளிக்காரிக்கு விளங்கவில்லை. மூன்றில் ஒன்றை அவன் விட்டுவிட்டானா என்று கேட்டாள்.

"மூணையும் எடுத்துட்டான். இது நாலாவது. மத்ததுக்கு ரொம்ப நாள் பின்னாடி பொரிஞ்சது, நோஞ்சான். தண்ணி போற குழாய்க்குப் பின்னால பதுங்கிக்கும். உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டான், மூணுதானேன்னு. ஆமான்னேன். நீ அனுப்பின ஆளுதானே, உனக்குத் தெரிஞ்ச கணக்கையே சொல்லுவோம்னு சொன்னேன்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

அக்கா மேஜையில் அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்துக் கழுவும் தொட்டியில் போட்டாள்.

"உன்கிட்ட சொன்னா சுவத்துல ஏத்திடுவே."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் அது நிஜம். நாலு என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அந்தச் சின்னத் திரையில் நாலு என்று மாற்றியிருப்பாள். அவனும் நாலு வரும்வரை குழாயைப் பிடுங்கியாவது தேடியிருப்பான். அவள் வேலையிலேயே ஒரு உயிர் தப்பியிருக்கிறது என்றால் அது அவளுக்குத் தெரியாமல் இருந்ததால் தப்பியிருக்கிறது.

போன் அடித்தது. பைனாகுலர். பாலத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். பேசினால் பேக்கரி வாசல். பேசாவிட்டால் அவன் நேரே நாலாவது கூட்டுக்குப் போவான். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் சொல்லு என்று கையைக் காட்டினாள். "இனிமே குட்டியை நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டிட்டு வரேன். வேன் வேண்டாம். நீ சொல்லு."

சொன்னாள். ஆள் எப்படி இருந்தான், பெட்டி என்ன நிறம், கையில் எந்தப் பக்கம் கீறல் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பக்கத்தில் அவருடைய ஆட்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். காரில் எத்தனை பேர், யார் யார் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு இவர் எழுதுவதை நாளைக்கு யார் படிப்பார்கள் என்றும் தெரியாது. குளியலறைப் பக்கம் கத்தல் நின்றிருந்தது. தாய்ப்பறவை வந்து உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

"அந்தக் கூட்டுல மொத்தம் எத்தனை குஞ்சு?" என்று பைனாகுலர் கேட்டார். "மிச்சம் ஏதாவது இருக்கா?"

எண்ணைக் கேட்டால் சரியான எண்ணைச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒரு தசமப் புள்ளி தவறினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. மடியில் இருந்த குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தது. அவள் அதன் வாயை மெதுவாகப் பொத்தினாள்.

"மூணு சார். மூணும் போயிடுச்சு" என்றாள். "கூடு காலின்னு எழுதிக்கங்க."